வெண்மணியைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது?

கடந்த டிசம்பரில் எங்கள் பகுதி அம்பேத்கர் படிப்பகத்தில் ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். அரையாண்டு விடுமுறை. எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரை இருபது பிள்ளைகள் வருவார்கள். தேதி 25 என்பதால் கீழ்வெண்மணியைப் பற்றிப் பேச வேண்டும். படிப்பகத்தை நடத்தும் அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "புள்ளைங்கள பயமுறுத்திடாதீங்க தம்பி. கேட்டுட்டுப் போறப்ப மனசுல ஒரு தெம்பு இருக்கணும். அந்த மாதிரி சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்ததில் என்ன தெம்பான கதை இருக்கிறது? காவிரிப் படுகையின் விவசாயக் கூலிகளைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தீர்ப்புகளையும் அறிக்கைகளையும் ஐந்து வருடமாகப் படித்துக்கொண்டிருப்பவனிடம், வரலாற்றுக்குத் தேன் தடவிக் கொடுக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அன்று இரவு எனக்கு என் ஒன்பதாவது வயது ஞாபகம் வந்தது. அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார். ஒரு வெண்மணி நினைவுக் கூட்டத்துக்கு என்னைத் தோளில் தூக்கிப் போனார். மேடையில் பேசியவர் அந்த இரவை ஒன்றுவிடாமல் விவரித்தார். பெரியவர்கள் கைதட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து அண்ணாந்து எங்கள் கூரையைப் பார்த்தேன். எங்களுடையதும் கீற்றுக் குடிசைதான். அன்றிலிருந்து பல மாதங்கள் வாசற்படி ஓரமாகத்தான் படுத்தேன். கதவைத் தாழ் போட்டால் அழுதேன்.

வெண்மணியை எனக்கு யாரும் மறைக்கவில்லை. ஆனால் அந்த மேடை எனக்குக் கொடுத்தது வரலாறு அல்ல, பயம் மட்டும்தான். 'நாம் எரிக்கப்படுகிறவர்கள்' என்பதைத்தான் அந்தச் சிறுவன் கற்றுக்கொண்டான். எரித்தவர்கள் விரும்பியதும் அதைத்தானே?

ஆக, அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் நம்பிக்கைக் கதை என்றாலே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதற்குக் காரணம் அதே நாகப்பட்டினம் மாவட்டத்தில், காலண்டரில் அடுத்த நாளே இருக்கிறது.

2004 டிசம்பர் 26. சுனாமி. தமிழ்நாட்டில் அதிகம் பேர் இறந்தது நாகை மாவட்டத்தில்தான். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். கடல் எல்லோரையும் அடித்தது, எல்லோரும் ஒன்றாக நின்றோம், சாதி மதம் பாராமல் கை கொடுத்தோம், மீண்டு வந்தோம். கை கொடுத்தவர்கள் ஏராளம், அது உண்மை. ஆனால் நிவாரண முகாம்களில் தலித்துகளோடு ஒரே கூரையின் கீழ் தங்க மறுத்ததும், தண்ணீரில் பாகுபாடு காட்டியதும், இருளர்களுக்கு நிவாரணம் ஒழுங்காகப் போய்ச் சேராததும் அப்போதே பதிவானவை. அலைக்குச் சாதி தெரியாது. முகாமுக்குத் தெரிந்திருந்தது.

'எல்லோரும் ஒன்றாக நின்றோம்' என்ற கதையை வகுப்பில் கேட்கும் ஒரு தலித் குழந்தை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் சொல்கிறது. பாட்டி வேறு ஒன்றைச் சொல்கிறார். புத்தகம் சொல்வது சரியா, பாட்டி சொல்வது சரியா? குழந்தை புத்தகத்தைத்தான் நம்பும். சாதியை விட்டுவிட்டுச் சொல்லப்படும் நம்பிக்கைக் கதையின் ஆபத்து இதுதான். குழந்தையைத் தன் வீட்டு நினைவையே சந்தேகிக்க வைக்கிறது.

பயமும் கூடாது, பொய்யும் கூடாது என்றால் வேறு எப்படிச் சொல்வது? விடையை அம்மா எப்போதோ சொல்லிவிட்டார். வாசற்படியில் படுத்துக்கிடந்த என்னிடம் ஒருநாள் கேட்டார்: "அவங்க எதுக்குடா செத்தாங்க?" "எரிச்சுட்டாங்க" என்றேன். "அது எப்படிச் செத்தாங்கங்கிறது. எதுக்குன்னு கேட்டேன். கூலி கேட்டாங்கடா. கொடிய எறக்க மாட்டேன்னாங்க. பயந்தவங்க இல்ல அவங்க."

வகுப்புக்கு ஒரு படியும் கொஞ்சம் நெல்லும் எடுத்துப் போனேன். நெருப்பைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகளை நெல் அளக்கச் சொன்னேன். நாள் முழுக்கக் குனிந்து நட்டால், அறுத்தால், எவ்வளவு கிடைக்கும்? அதில் எத்தனை பேர் சாப்பிட வேண்டும்? அரைப்படி கூடக் கேட்டால் அது பேராசையா? பிள்ளைகள் கையால் அள்ளிப் பார்த்தே கணக்குச் சொன்னார்கள்.

அப்புறம் வெண்மணிக்கு முந்தைய கதைக்குப் போனேன். ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாட்களைச் சவுக்கால் அடித்தார்கள், சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். பெரும்பாலும் தலித்துகளான அந்த மக்கள் 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்களோடு சேர்ந்து செங்கொடிச் சங்கம் கட்டினார்கள். சவுக்கையும் சாணிப்பாலையும் நிறுத்திக் காட்டினார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதாவது 1968க்கு முன்பே இவர்கள் ஜெயித்தவர்கள். ஆண்டைகளைத் தூங்கவிடாமல் செய்தது அந்த வெற்றிதான். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை அவர்கள் அமைத்ததும், செங்கொடியை இறக்கச் சொல்லி மிரட்டியதும் அதனால்தான். கூலி உயர்வை விட, சேரியில் ஒரு கொடி பறப்பதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

நெருப்பை இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். 1968 டிசம்பர் 25 இரவு ஆண்டைகளின் ஆட்கள் ஆயுதங்களோடு வந்தார்கள். தப்பி ஓடி இராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேரை அங்கேயே வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். யார் எரித்தார்கள், எந்தச் சாதித் திமிரில் எரித்தார்கள் என்பதை மறைக்கவில்லை. உள்ளே நடந்த கொடூரத்தை விவரிக்கவும் இல்லை. எட்டு வயதுக்கு உண்மை வேண்டும், விவரணை வேண்டாம். அதற்கு வயது வரும்.

நீதிமன்றத்தைப் பற்றியும் சொன்னேன். கீழ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களைத் தண்டித்ததையும், 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்ததையும் சொன்னேன். இவ்வளவு நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம் என்கிற தொனியில் அந்தத் தீர்ப்பு பேசியதையும் சொன்னேன். ஒரு நொடி அமைதி. பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள்: "ஏன் சார், அவங்களுக்குக் கால் இல்லையா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஐந்து வருடமாக அந்தத் தீர்ப்பைப் பற்றி அடிக்குறிப்புகளோடு எழுதி வருகிறேன். அவள் ஐந்து சொற்களில் முடித்துவிட்டாள். கொலையைக் கேட்டும் அந்தப் பிள்ளைகள் ஒடுங்கிப் போகவில்லை. நீதிமன்றத்தையே கேள்வி கேட்டார்கள். அக்கா சொன்ன தெம்பு இதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பிறகு கொஞ்சம் பெரிய பையன்கள் கேட்டார்கள்: "அந்த ஆளு என்ன ஆனாரு?" 1980இல் கொல்லப்பட்டார் என்று ஒரு வரியில் சொன்னேன். நம் தோழர்களில் சிலர் கதையை அங்கேதான் முடிப்பார்கள். நான் முடிக்கவில்லை. பழிக்குப் பழி என்பது கேட்க இனிக்கும் இன்னொரு நம்பிக்கைக் கதை. ஒரு ஆள் செத்தால் அமைப்பு சாவதில்லை.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் கதைக்குப் போனேன். திண்டுக்கல் பக்கம் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். வெண்மணிக்குப் பிறகு கணவரோடு கீழத்தஞ்சைக்கு வந்து நிலத்துக்காக வேலை செய்தவர். 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் நிலம் கிடைக்கச் செய்தவர். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் இந்தக் கதையிலும் ஒரு பள்ளம் உண்டு. 'ஒரு நல்ல அம்மா ஏழைகளுக்கு நிலம் கொடுத்தார்' என்று சொன்னால் நிலம் தானமாகிவிடுகிறது, உரிமை காணாமல் போகிறது. அவர் சிறைக்குப் போனதையும், அவரோடு உட்கார்ந்து போராடிய பெண்களையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை.

கடைசியாக ஒன்று. இதை நம் பிள்ளைகளிடம் மட்டும் சொன்னால் போதுமா? 'குழந்தைகளிடம் போய் இதையெல்லாம் சொல்லலாமா' என்று கேட்கும் முற்போக்கு நண்பர்கள் எனக்கு உண்டு. சாதியைப் பற்றித் தெரியாமல் வளரும் வசதி எந்தக் குழந்தைகளுக்கு இருக்கிறது? 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். அவர்களும் சிறுவர்கள்தான். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதிக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. தேவைதான். ஆனால் மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்தால் போதாது. தங்கள் தாத்தாக்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை அந்தப் பிள்ளைகளும் கேட்க வேண்டும். அவர்களுக்கும் நம்பிக்கை உண்டு: அந்தப் பக்கமே நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

உங்கள் வீட்டிலும் தெருவிலும் பிள்ளைகள் இருப்பார்கள். இந்த டிசம்பரில் சொல்லுங்கள். எப்படிச் செத்தார்கள் என்பதிலிருந்து தொடங்காதீர்கள். என்ன கேட்டார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த வாரம் படிப்பகத்துக்குப் போனபோது ஒரு பையன் நோட்டை நீட்டினான். அவனாகவே எழுதியது. அவன் அப்பாயி எத்தனை வயதில் நடவுக்குப் போனார், ஒரு நாளைக்கு எத்தனை படி வாங்கினார், எந்த வருடம் கூலியை ஏற்றிக் கேட்டார்கள் என்று ஒரு பக்கம். கீழே அடிக்கோடிட்டு ஒரு வரி: 'கேட்டதுல எங்க அப்பாயியும் இருந்துச்சு.'