விளைவிப்பவர் ஒருவர், விலை வைப்பவர் இன்னொருவர்

ஒரு நாட்டின் செல்வம் அதன் மண்ணில் என்ன விளைகின்றது என்பதைக் கொண்டு மாத்திரம் அளக்கப்படுவதில்லை. விளைந்த பொருள் இறுதி வடிவம் பெறுவது எங்கே, அதற்குப் பெயர் இடுவது யார், விலை குறிப்பது யார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் விடையே அந்நாட்டுக் கமக்காரனின் நிலையை உரைக்கும். இவ்வுண்மையை விளக்கச் சொக்கலேற்றைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை. சுவிற்சர்லாந்தின் குளிரிலோ பெல்ஜியத்தின் குளிரிலோ கொக்கோ விளைவதில்லை. ஆயினும், உயர்ந்த சொக்கலேற் என்றதும் உலகம் உச்சரிப்பது அந்நாடுகளின் பெயர்களையே.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலமும் நீண்ட கோடையும் கொக்கோவுக்கு ஏற்றவையல்ல. அவ்வாறாயின், நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போர் உளர். நம்மிடம் பனை உண்டு என்பதே அதற்கு மறுமொழி. கொக்கோ விளைவிப்போர் கற்ற பாடத்தைப் பனையை நம்பியிருப்போரும் கற்க வேண்டும்.

கொக்கோவைப் பிழிந்து கொழுப்பைப் பிரிக்கும் பொறி 1828இல் ஒல்லாந்தில் உருவாயிற்று. உண்ணத்தக்க சொக்கலேற் கட்டி 1847இல் இங்கிலாந்திலும், பாற் சொக்கலேற் 1875இல் சுவிற்சர்லாந்திலும் பிறந்தன. பொறி ஐரோப்பாவில் நின்றது. தோட்டம் குடியேற்ற நாடுகளில் நின்றது. குடியேற்ற ஆட்சி மறைந்த பின்னரும் இப்பிரிவினை மறையவில்லை. உலகக் கொக்கோவிற் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்னும் இரு நாடுகளிலிருந்தே வருகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவான சுங்க விதிப்படி கொக்கோக் கொட்டைக்குத் தீர்வை இல்லை. அக்கொட்டை அரைக்கப்பட்டுப் பசையாகவோ சொக்கலேற்றாகவோ சென்றால் தீர்வை உண்டு. உடன்படிக்கையாலும் சலுகையாலும் சில நாடுகள் விலக்குப் பெற்றுள்ளன என்பது மெய். எனினும், விதியின் உட்கருத்து யாது? மூலப்பொருளைக் கொண்டு வா, கைத்தொழிலைக் கொண்டு வராதே என்பதன்றோ?

விளைவிப்போருக்கும் வடிவம் கொடுப்போருக்கும் இடையே கடல் கிடந்தால் அநீதியும் கண்ணுக்குத் தெரியாது போகும். தொழிலாளர் நலனுக்குப் பேர்பெற்ற கட்பரி நிறுவனம், சாவோ தோமே தீவில் கட்டாய உழைப்பால் விளைந்த கொக்கோவைப் பல்லாண்டு வாங்கி வந்தது. அதை இடித்துரைத்த இலண்டன் பத்திரிகை ஒன்றின் மீது அந்நிறுவனம் மானநட்ட வழக்குத் தொடுத்தது. 1909 டிசம்பரில் யூரிகள் கட்பரிக்குச் சார்பாகவே தீர்ப்புரைத்தனர்; ஆனால் விதித்த நட்டஈடு ஒரே ஒரு பார்த்திங். அதாவது ஒரு பென்னியின் நான்கிலொரு பங்கு! சட்டம் பயின்றோர் அந்தச் சிறு காசின் பொருளை நன்கறிவர்.

விளைவிப்போர் வாளாவிருந்தனர் என்றும் எண்ணற்க. இன்று கானா எனப்படும் தங்கக்கரை நாட்டில் ஐரோப்பியக் கொம்பனிகள் தமக்குள் உடன்பட்டுக் கொள்வனவு விலையைக் கட்டுப்படுத்த முற்பட்டபோது, கமக்காரர் 1937 ஒக்டோபர் முதல் 1938 ஏப்ரில் வரை கொக்கோவை விற்க மறுத்து நின்றனர். உடன்பாடு நிறுத்தி வைக்கப்பட்டது. அது பெருமைக்குரிய போராட்டமே. ஆயினும், ஆலை இல்லாதவன் எத்தனை மாதம் பொறுப்பான்? களஞ்சியத்திலுள்ள கொட்டை பழுதுறும்; வீட்டிலுள்ள வயிறு பசிக்கும்.

அரசு விலை குறித்தால் துன்பம் தீரும் என்பாருமுளர். 2024இல் உலகச் சந்தையிற் கொக்கோவின் விலை தொன்னுக்கு 10,000 டொலரைக் கடந்தது. முன்கூட்டியே விளைச்சலை விற்று விலையை நிருணயித்திருந்த அவ்விரு நாட்டு அரசுகளின் கீழ், கமக்காரர் கைக்கு வந்தது அதனிலும் மிகக் குறைந்த தொகையே. 2025இல் சந்தை விலை மீண்டும் இறங்கிற்று. ஏற்றத்திற் பங்கில்லை, இறக்கத்தில் மட்டும் பங்கு என்னும் நிலைக்கு மருந்து யாது?

மருந்தைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கர்நாடக, கேரளப் பாக்குத் தோட்டக்காரர் 1973இல் மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு கம்ப்கோ என்னும் கூட்டுறவு நிறுவனத்தை அமைத்தனர். வாரணாசி சுப்ராய பட் அதன் முதற்றலைவர். கமுகின் நிழலில் கொக்கோவை ஊடுபயிராக நடுமாறு அக்காலத்திற் கமக்காரர் ஊக்குவிக்கப்பட்டிருந்தனர். 1980ஐ ஒட்டி விலை சரிந்தது. வாங்கி வந்தோர் பின்வாங்கினர். காய் மரத்திலேயே அழுகும் நிலையில் கம்ப்கோ கொள்வனவில் இறங்கியது. வாங்கியதோடு அமையாது, புத்தூரிற் சொக்கலேற் ஆலையையும் எழுப்பியது. 1986 செப்டெம்பரில் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தவர் அன்றைய இந்தியக் குடியரசுத் தலைவர் செயில் சிங். கைவிடப்பட்ட கமக்காரரே ஆலைக்கு உடைமையாளரான வரலாறு இது.

வெப்ப நாட்டில் உயர்தரச் சொக்கலேற் செய்ய இயலாது என்ற வாதமும் இன்று செல்லாது. கிரெனடாத் தீவில் 1999இல் மொட் கிறீன் என்பார் கமக்காரரோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம், விளைந்த தீவிலேயே சொக்கலேற் செய்து அயல்நாடுகளுக்கு அனுப்பியது. தமிழ்நாட்டில் பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலைப் பகுதியில் தம் தோட்டத்துக் கொக்கோவைக் கொண்டே தாமே சொக்கலேற் செய்து சோக்லெட் என்னும் பெயரில் விற்கின்றனர். நமது நாட்டிலும் மாத்தளை, கண்டி, குருநாகல் மாவட்டங்களிற் கொக்கோ விளைகின்றது. கண்டோஸ் போன்ற பெயர்கள் இங்கு நெடுங்காலம் வழங்குகின்றன.

உண்மையில், உயர்ந்த சுவை பிறப்பது ஆலையில் அன்று, தோட்டத்தில். காயை உடைத்து எடுத்த கொட்டையைப் பெட்டியிலிட்டு மூடி, ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் முறையாக உலர்த்தினாலன்றி, எத்தனை விலையுயர்ந்த பொறியும் மணத்தைத் தரமாட்டாது. ஆதலின் தோட்டமும் ஆலையும் அருகருகே இருப்பது குறையன்று, பெரும் வாய்ப்பு.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைந்தது. கைதடியிற் பனை ஆராய்ச்சி நிறுவனம் உண்டு. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. பனங்கட்டியும் கற்கண்டும் ஒடியலும் பினாட்டும் நாம் அறியாதனவல்ல. ஆனால் அவற்றைச் சந்தையில் ஏழையின் பண்டமாக வைத்திருக்கின்றோம். தரம் பிரித்து, உலர்த்தி, பொதிசெய்து, நம் பெயரிட்டு விற்கும் தொழில் விளைவின் அளவுக்கு வளரவில்லை. மாத்தளைக் கொக்கோவும் யாழ்ப்பாணத்துப் பனஞ்சர்க்கரையும் ஒரே கட்டியிற் சேர்ந்தால் அது இத்தீவுக்கே உரிய பண்டமாகாதா? சொக்கலேற்றில் ஈரம் புகுந்தால் அது கெட்டியாகிக் கெடும். ஆகையால் பனங்கட்டியை ஈரமற்ற பொடியாக்கும் முறை வேண்டும். ஆராய்ச்சியாளரும் பொறியியலாளரும் கைவைக்க வேண்டிய இடம் இதுவே.

இங்கு ஒரு கசப்பான உண்மையையும் கூறியாக வேண்டும். ஐரோப்பியன் கொக்கோக் கமக்காரனை நடத்தியவாறே, நாமும் நம் ஊரிற் பனையேறும் தொழிலாளியை நடத்தியிருக்கின்றோம். மரம் ஒருவருடையது, உயிரைப் பணயம் வைத்து ஏறியவர் இன்னொருவர், விலை குறித்தவர் வேறொருவர். போதாக்குறைக்கு, சுண்ணாம்பு தடவிய முட்டியிற் கருப்பநீர் இறக்கித் தந்தவரைச் சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அவர்தம் பிள்ளைகள் அத்தொழிலை விட்டு விலகினால் அவர்களைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? மதிப்பும் உரிய பங்கும் இல்லாத தொழில் அழியும்; தொழில் அழிந்தால் மரம் விறகாகும்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, கூட்டுறவுச் சங்கங்கள் இறக்குவதோடும் காய்ச்சுவதோடும் நில்லாது, இறுதிப் பண்டம் செய்யும் ஆலைக்கும் உடைமையாளராதல் வேண்டும். பனையேறுவோரின் இலாபப் பங்கும் நிருவாக இடமும் சங்கத்தின் துணைவிதிகளிலேயே எழுதப்பட வேண்டும். வாய்ச்சொல்லாக நிற்கும் வாக்குறுதி நீதிமன்றில் நில்லாது.

இரண்டாவது, பெயருக்குச் சட்டக் காப்பு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புவியியல் குறியீடுகளை ஏற்கின்றது. 2022இல் அது திருத்தப்பட்டு அவற்றைப் பதிவதற்கும் வழி செய்யப்பட்டது. அதே ஆண்டில் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்திற் காப்புப் பெற்றது. 2023இல் தமிழ்நாட்டின் உடன்குடிப் பனங்கருப்பட்டி அந்நாட்டிற் பதிவாயிற்று. யாழ்ப்பாணப் பனங்கட்டியின் பெயரைக் காக்கும் வேலையில் நம் சட்டத்தரணிகள் முன்னிற்க வேண்டாமா?

மூன்றாவது, அதிகாரம். பதின்மூன்றாம் திருத்தத்தின்படி கூட்டுறவு மாகாண சபைக்குரிய விடயம். வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. தன் சங்கத்துக்குரிய விதியைத் தன் பிரதிநிதியைக் கொண்டு ஆக்க இயலாத மக்கள், தம் விளைவுக்கு விலை குறிப்பது எங்ஙனம்? கைத்தொழில் உரிமையும் அரசியல் உரிமையும் ஒரே வேரின் இரு கிளைகள்.

எனினும், அதிகாரம் வரட்டும், பின்னர் பார்ப்போம் என்று கைகட்டி இருத்தல் ஆகாது. பாக்குத் தோட்டக்காரர் அரசியலமைப்பு மாற்றத்துக்குக் காத்திருந்து புத்தூரில் ஆலை எழுப்பவில்லை. படித்தோர் தம் அறிவையும், புலம்பெயர்ந்தோர் தம் முதலையும், கமக்காரர் தம் விளைவையும், ஏறுவோர் தம் திறனையும் பங்காக இட்டு, நால்வரும் சரிநிகராக அமரும் சங்கம் ஒன்று அடுத்த பருவத்துக்கு முன்னர் ஒரு கிராமத்திலேனும் எழட்டும்.