எல்லார் கணிப்பொறியிலும் திறக்கட்டும்!

நம்ம பசங்க பாடக் குறிப்பை ‘ரார்’ கோப்பாகச் சுருக்கி அனுப்புகிறார்கள். தேசூரில் இருக்கும் நண்பன், “செல்போன்ல திறக்கலைடா!” என்கிறான். ஆய்வக லினக்ஸிலும் சில சமயம் அதே கதைதான்.

1993-ல் ரஷ்யாவின் யூஜின் ரோஷல் தந்தது ரார். பிரிக்கும் நிரல் கிடைக்கும். சுருக்கும் முறையை நகலெடுக்க உரிமம் இடம் தராது. ‘ஜிப்’ அப்படியல்ல. 1989-ல் பில் காட்ஸ் அதன் அமைப்பையே ஊரறிய வெளியிட்டார். அதனால் விண்டோஸ், லினக்ஸ், மேக் எதிலும் பிரியும். தமிழில் பெயர் வைக்கவும் தயங்க வேண்டாம். யூனிகோடு பெயருக்கு 2006-லேயே ஜிப் தரத்தில் இடம் வந்துவிட்டது.

ரார் வந்தே விட்டால் இகோர் பாவ்லோவின் ‘செவன்-ஜிப்’ இருக்கிறது. 1999 முதல் இலவசம். பிறகு எதற்கு 40 நாள் கெடு முடிந்த வின்ரார், அதுவும் திருட்டுச் சாவி போட்டு? குறிப்புகளை ஜிப்பாகவே அனுப்பச் சொல்லி நம் பேரவை ஒரு வார்த்தை சொல்லலாமே!