விரும்பி வைத்த சடையும் பயந்து வைத்த சடையும்

போன வாரம், ஒரே நாள் ஓபியில் இரண்டு பேர்.

முதலில் ஒரு கல்லூரித் தம்பி. தலை முழுக்கக் கயிறு கயிறாக ட்ரெட்லாக்ஸ். "அஞ்சு மணி நேரம் இருந்து போட்டது டாக்டர். நெத்தி ஓரம் மட்டும் வலிக்கு."

அடுத்து ஐம்பது வயது அக்கா. கழுத்து வலி. சேலைத் தலைப்பை விலக்கினால் பின்னந்தலையில் ஒரே கட்டியாகத் திரண்ட சடை. "வெட்டிரலாமா அக்கா?" என்றேன். பதறிட்டாங்க. "ஐயோ சார், அது அம்மன் இறங்குனது. வெட்டினா வீட்டுக்கு ஆகாது."

சொந்தங்களே, இரண்டு தலையிலும் நடந்தது ஒன்றுதான்.

தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. சீவினால் சீப்போடு வந்துவிடும். சீவாமல் விட்டால் உதிர்ந்த முடி மற்ற முடிகளோடு பின்னிக்கொள்ளும். முடியின் மேல்பரப்பு மீன் செதில் மாதிரி இருப்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்தால் இறுகிவிடும்.

தம்பிக்கு அந்த வேலையைச் செய்தது குரோஷா ஊசி. நம் வீடுகளில் மேசை விரிப்பு பின்னும் அதே கொக்கி ஊசிதான். முடிக்கு இன்னும் மெல்லிசு, 0.5 அல்லது 0.75 மி.மீ. வெளியே நீட்டும் முடியைக் கொக்கியால் சடைக்குள் இழுத்து இழுத்துச் சொருகுவார்கள். மாதம் சுமார் 1 செ.மீ. முடி வளரும் என்பதால் அடிப்பகுதியில் திரும்பவும் ஊசி போடணும்.

போடுவது உங்கள் விருப்பம். ஆனால் நாலு விஷயம்:

1. போட்ட பிறகும் வலி, வேரில் சின்னக் கொப்புளம் என்றால் இழுப்பு அதிகம். உடனே தளர்த்துங்கள். தொடர்ந்து இழுபட்டால் அந்த இடம் நிரந்தரமாக வழுக்கையாகலாம்.
2. அடிக்கடி ஊசி போடாதீர்கள். கொக்கி முடியை அறுக்கும்.
3. ஒருத்தர் தலையில் போட்ட ஊசியைச் சுத்தம் செய்யாமல் அடுத்தவருக்குப் போடக்கூடாது. படர்தாமரை பரவும்.
4. தலை குளிங்க, உள்வரை காய வையுங்க. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்மூர். ஈரம் நின்றால் நாறும்.

இப்போ அக்காவுக்கு வருகிறேன்.

இந்தப் பயம் நமக்கு மட்டும் இல்லை. மருத்துவத்தில் இதற்கு 'பிளிகா போலோனிக்கா' என்று ஒரு பெயர், அதாவது போலந்துச் சடை. அங்கேயும் வெட்டினால் நோய் வரும் என்று நம்பினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கிராக்கோவ் நகர டாக்டர் யூசெஃப் டீட்டில் அது வெறும் சிக்குதான் என்று சொல்லிப் போராடினார். பின்னாளில் அந்த நகரத்துக்கே மேயரானார்.

மகாராஷ்டிராவில் டாக்டர் நரேந்திர தபோல்கர் 1989-ல் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பு, இப்படிப்பட்ட பெண்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் சம்மதித்த பிறகு சடையை வெட்டிவிடுகிறது. 2013-ல் தபோல்கரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வேலை நிற்கவில்லை.

முடி செத்த புரதம். வெட்டினால் ரத்தம் வராது, பார்வை போகாது, குடும்பத்துக்கும் ஒன்றும் ஆகாது. புதுச் சிக்கு என்றால் வெட்டக்கூட வேண்டாம். கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து மேல் நோக்கி, அதே கொக்கி ஊசியால் பொறுமையாகப் பிரித்துவிடலாம்.

என் கருத்து இதுதான். அலுத்துப்போனால் தம்பி நாளைக்கே சலூனுக்குப் போவார். யாரும் தடுக்க மாட்டார்கள். அக்காவுக்கு அந்த வழி இல்லை. அவர் தலையில் உள்ள சடையைப் பற்றி ஊரே முடிவு செய்கிறது. நேர்த்திக்காக மனசார வைத்திருப்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. பயத்தில் சுமப்பவருக்காகத்தான் பேசுகிறேன்.

அக்காவை நான் வற்புறுத்தவில்லை. கழுத்துக்கு மாத்திரை கொடுத்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "வெட்டினா தலை வலிக்குமா சார்?" என்று கேட்டாங்க.

வலிக்காது அக்கா. எப்ப வேணா வாங்க.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், கத்தரிக்கோலை எடுக்காதீங்க. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்க.