மின்சார ரெயிலில் வீடு திரும்பிய ஐகோர்ட்டு நீதிபதி

ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டை என்று ஒரு கிராமம் இருக்கிறது. காப்பியும் மிளகும் விளையும் ஊர். அந்த ஊர் ஏழை ஒருவருக்குச் சென்னை ஐகோர்ட்டில் வழக்கு இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். வக்கீலைப் பார்க்க அவர் மலை இறங்கிச் சேலம் வர வேண்டும். அங்கிருந்து சென்னை சுமார் 340 கிலோ மீட்டர். போய்த் திரும்புவதற்குள் இரண்டு நாள் கூலி போய்விடும். "வழக்கு தள்ளி வைக்கப்பட்டது" என்றால் அத்தனையும் வீண்.

இந்தக் கஷ்டத்தை அறிந்த ஒருவர் அதே கோர்ட்டில் நீதிபதியாக இருந்தார். அவர் பெயர் கே.சந்துரு.

ஏழைகளின் வக்கீல்

சந்துரு 1951-ம் ஆண்டு ஸ்ரீரங்கத்தில் பிறந்தார். வக்கீலாக இருந்தபோது மனித உரிமை வழக்குகளுக்குக் கட்டணம் வாங்கமாட்டார். கடலூர் மாவட்டத்தில் 1993-ல் ஓர் ஏழைத் தொழிலாளி போலீஸ் காவலில் இறந்தார். அவருடைய மனைவிக்காக வாதாடியவர் சந்துருதான். 2021-ல் வெளியான "ஜெய்பீம்" படம் அந்த வழக்கைத் தழுவியது.

96 ஆயிரம் வழக்குகள்

2006-ல் அவர் ஐகோர்ட்டு நீதிபதி ஆனார். 2013 மார்ச் மாதம் ஓய்வு பெற்றார். அதற்குள் சுமார் 96 ஆயிரம் வழக்குகளை முடித்தார். கணக்குப் பார்த்தால் மாதம் 1,200 வழக்குகள்!

அவசரத்தில் நீதி தவறாதா என்று கேட்கலாம். ஒரே சட்டப் பிரச்சினை உள்ள வழக்குகளை அவர் ஒன்றாகச் சேர்த்து விசாரித்தார். அதனால் ஒரு தீர்ப்பில் பல குடும்பங்களின் கவலை தீர்ந்தது. கிராமக் கோவிலில் பெண்ணும் பூசாரியாக இருக்கலாம் என்று 2008-ல் தீர்ப்புக் கூறியவரும் அவரே.

"மை லார்டு" என்று அழைக்க வேண்டாம் என்று வக்கீல்களிடம் சொன்னார். முன்னே செல்லும் டவாலியும் வேண்டாம் என்றார். கடைசி நாளில் அரசாங்கக் காரை ஒப்படைத்துவிட்டு, மின்சார ரெயிலில் வீட்டுக்குப் போனார்.

இன்னும் தீராத குறை

2024-ல் நாட்டின் ஐகோர்ட்டுகளில் தேங்கி நின்ற வழக்குகள் சுமார் 60 லட்சம். ஒரு நீதிபதி மட்டும் உழைத்து இந்தச் சுமையை இறக்க முடியாது. காலி இடங்களை உடனே நிரப்ப வேண்டும். ஒரே மாதிரி வழக்குகளைச் சேர்த்து விசாரிக்கும் முறை எல்லாக் கோர்ட்டுகளிலும் வழக்கமாக வேண்டும்.

மஞ்சக்குட்டைக்காரர் நீதிபதியிடம் தயவு கேட்கவில்லை. தம் வழக்கின் முடிவு தம் காலத்திலேயே தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறார். இது நியாயம்தானே?