குப்பைக்கும் ஒரு பை

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில், அறுவடை முடிந்த ஒரு கோதுமை வயலில் மெட்டல் டிடெக்டருடன் நடக்கும் முதியவர் ஒருவரோடு ஒரு முழுப்பகல் உடன் செல்லும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிட்டியது. அவர் இடுப்பில் இரண்டு பைகள் தொங்கின. ஒன்று சிறியது, மற்றது அதைப்போல் மூன்று மடங்கு பெரியது. மாலையில் சிறிய பைக்குள் இருந்தவை முகம் தேய்ந்த ஒரு செப்புக் காசும் ஒரு பித்தளைப் பொத்தானும் மட்டுமே. பெரிய பையோ நிறைந்திருந்தது. வேலிக் கம்பித் துண்டுகள், துருப்பிடித்த ஆணிகள், வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா மூடிகள், நசுங்கிய பீர் டின்கள், அந்த டின்களிலிருந்து பிய்த்தெறியப்பட்ட வளையங்கள். அந்தப் பையைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு அவர் வீடு திரும்பினார். அதிலிருந்த எதுவும் அவர் போட்டதல்ல.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புதையலைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். 2009-இல் ஸ்டாஃபோர்ட்ஷரின் ஒரு வயலில் ஒருவர் ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பொற்குவியலைக் கண்டெடுத்ததும், சுமார் 4 கிலோ எடையுள்ள அந்தப் பொன்னுக்கு 32,85,000 பவுண்டு மதிப்பிடப்பட்டதும், அத்தொகையை அவரும் நிலத்துக்காரரும் பகிர்ந்துகொண்டதும் உலகச் செய்தியாயின. ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் அறம் சிறிய பையில் இல்லை, பெரிய பையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதற்கு முதற்காரணம் கருவியிலேயே இருக்கிறது. மண்ணுக்கடியில் உள்ள உலோகத்தின் மின்கடத்தும் தன்மையையும் பருமனையும் பொறுத்துக் கருவியின் ஒலி மாறுகிறது. சிறிய இரும்பாணியை அதனால் பெரும்பாலும் பிரித்தறிந்துவிட முடியும். ஆனால் ஒரு மெல்லிய தங்க மோதிரமும் டின்னைத் திறக்கும் அலுமினிய வளையமும் ஏறத்தாழ ஒரே குரலில்தான் கூப்பிடுகின்றன. குப்பை வேண்டாமென்று அந்த ஒலியை ஒதுக்குகிறவன் மோதிரத்தையும் ஒதுக்குகிறான். ஒஹையோவைச் சேர்ந்த எர்மல் ஃப்ரேஸ் இழுத்துப் பிய்க்கும் வளையத்துக்குக் காப்புரிமை பெற்றது 1963-இல். டின்னோடு ஒட்டியே நிற்கும் மாற்று வடிவம் வந்தது 1975-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் பிய்த்து வீசியவை இன்னும் மண்ணில் மக்காமல் கிடக்கின்றன. 2014-இல் பிபிசி ஒளிபரப்பத் தொடங்கிய 'டிடெக்டரிஸ்ட்ஸ்' தொடரின் நகைச்சுவையிலும், அதனடியில் ஓடும் மெல்லிய துயரத்திலும் இந்த வளையங்களுக்குப் பெரும் பங்குண்டு.

ஆக, தோண்டுகிறவன் கையில் நாள் முழுவதும் வந்து சேர்வது குப்பையே. அதை அவன் என்ன செய்கிறான்? குழியிலேயே போட்டு மூடலாம். அடுத்து வருகிறவன் அதே ஏமாற்றத்தை மீண்டும் தோண்டியெடுப்பான். வேலியோரம் வீசலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அது வெறும் அழகுக்கேடு என்று நினைப்பவர்கள் கால்நடை மருத்துவர்களைக் கேட்க வேண்டும். மாடு தன் தீனியை மென்று சோதித்து விழுங்குவதில்லை. புல்லோடு உள்ளே போகும் கம்பித் துண்டு அதன் இரண்டாம் இரைப்பை அறையில் தங்கிவிடுகிறது. அந்த அறை சுருங்கி விரியும்போது கம்பியின் முனை சுவரைத் துளைக்கும். அதற்கு முன்னால் சற்றுத் தொலைவிலேயே இதயம் இருக்கிறது. இதற்காகவே மாட்டின் வயிற்றுக்குள் ஒரு காந்தத்தைச் செலுத்தி வைக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஓரடி ஆழத்தில் யாருக்கும் தீங்கின்றிக் கிடந்த ஒரு கம்பியை மேலே கொண்டுவந்து புல்லின்மேல் விட்டுச் செல்கிறவன், அதைப் புதைத்தவனைவிடப் பெரிய குற்றவாளி என்றே சொல்வேன்.

சரி, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டிவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தால் நாம் அறிந்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னன் 1485-இல் மாண்ட பாஸ்வொர்த் போர்க்களம் எங்கிருந்தது என்பது நெடுங்காலம் தகராறில் இருந்தது. 2005-இல் தொடங்கிய ஆய்வில், வயல்களை வரிசை வரிசையாக டிடெக்டரால் அலசி, கிடைத்த ஒவ்வோர் ஈயக் குண்டின் இடத்தையும் குறித்தார்கள். களம் வழக்கமாகக் காட்டப்பட்டுவந்த குன்றிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தள்ளி இருந்தது தெரியவந்தது. அலங்காரமற்ற ஈயக் குண்டுகள் அவை. அவசரக்காரன் கையில் அகப்பட்டிருந்தால் பழைய ஈயக்கடைக்குப் போயிருக்கும். எனவே எறிவதற்கு முன் மண்ணைத் துடைத்து ஒருமுறை பார்ப்பதும், புரியாததை அறிந்தவரிடம் காட்டுவதும் குப்பை அறத்தின் மறுபாதி. வெடிகுண்டோ பீரங்கிக் குண்டோ என்று ஐயம் எழுந்தால் மட்டும் அதைத் தொடவே கூடாது. விலகி நின்று காவல்துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான நடத்தை நெறிகள் 2006-இல் வகுக்கப்பட்டு 2017-இல் திருத்தப்பட்டன. நிலத்துக்காரரின் அனுமதி பெறு, கூடுமானவரை உழுத நிலத்தில் உழவு மண்ணின் ஆழத்துக்குள் மட்டும் தேடு, குழியைச் செம்மையாக மூடு, குப்பையை முறையாக அகற்று, கிடைத்த இடத்தைத் துல்லியமாகக் குறித்துவை என்பவை அவற்றின் சாரம். சட்டப்படி புதையல் எனக் கருதத்தக்கது கிடைத்தால் 14 நாட்களுக்குள் கொரோனரிடம் தெரிவிக்க வேண்டும். ஐயத்துக்குரிய மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரிதான் புதையலையும் விசாரிக்கிறார்; பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

2015-இல் ஹெரிஃபோர்ட்ஷரில் வைக்கிங் காலப் புதையல் ஒன்றைக் கண்டெடுத்த இருவர் அதைத் தெரிவிக்காமல் விற்கத் துணிந்தனர். ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்கலாம் என்று கருதப்பட்ட அக்குவியலில், 2019-இல் அவர்கள் சிறைக்குப் போனபோது மீட்கப்பட்டிருந்தவை 30 அளவில்தான். வெசெக்ஸின் ஆல்ஃபிரட் மன்னனுக்கும் மெர்சியாவின் இரண்டாம் சியோல்வுல்ஃபுக்கும் இருந்த கூட்டுறவைக் காட்டும் அரிய காசுகள் அவற்றில் இருந்தன. களவு போனது வெள்ளி மட்டுமல்ல, ஒரு வரலாற்றின் பக்கங்கள். கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சங்ககாலக் காசுகள் பலவும் வியாபாரிகளின் கைமாறியே ஆய்வாளர்களை அடைந்தன என்பதை அறிந்தவர்களுக்கு, இடம் தெரியாத காசு எவ்வளவு ஊமையானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறர் போட்ட குப்பையை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று ஒரு டிடெக்டர்காரர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதிலும், தோட்டக் கழிவிலிருந்து செய்த உரம் என்ற பெயரில், அரைபட்ட டின் துண்டுகளும் பிளாஸ்டிக்கும் கலந்த மண் இன்று பிரிட்டனின் பல வயல்களில் கொட்டப்படுகிறது. அப்படிக் கொட்டப்பட்ட வயலில் கருவி ஓயாமல் கூவும். அடியிலுள்ள காசின் குரல் மேலுள்ள குப்பையின் இரைச்சலில் அமிழ்ந்துபோகும். தனிமனிதன் ஒரு பையால் துடைத்துவிடக்கூடிய பிழையல்ல அது. உரத்தைச் சலித்துத் தரவேண்டியவர்கள் வேறு. இருந்தாலும் என் பதில் ஒன்றுதான். புதைந்து கிடக்கும்வரை அது போட்டவனுடையது. தோண்டி வெளியே எடுத்த கணம் அது உன்னுடையது. பொன்னை மட்டும் என் கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாடிவிட்டு, தகரத்தை மட்டும் ஊரார் பாவம் என்று விலக்கிவிட முடியாது. யாரும் பார்க்காத வயலில் மதிப்பற்ற ஒரு கம்பியை மடித்துப் பையில் போடும் பழக்கமுடையவன்தான், யாரும் பார்க்காத வயலில் காசுக் குவியல் கிடைக்கும்போதும் தொலைபேசியை எடுப்பான் என்று நம்புகிறேன்.

அன்று மாலை அந்த முதியவரிடம், இத்தனை ஆண்டுகளில் கிடைத்தவற்றில் பெரியது எது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, ஒரு கலப்பையின் கொழு என்றார். காருக்குள் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்ததாம். பிறகு கடைசியாகத் தோண்டிய இடத்துக்குப் போய், மூடிய மண்ணைக் காலால் மீண்டும் ஒருமுறை மிதித்துச் சமன் செய்தார். அந்த இடம் எதுவென்று அதற்குப் பிறகு என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.