உபதேசம் போதும், தூசியை அகற்றுங்கள்!

“தேக ஆரோக்கியம் பேணுவது எப்படி?” என்று ஊரெங்கும் இப்போது உபதேசம் நடக்கிறது. எட்டு மணி நேரம் தூங்கு, காய்கறி பழம் சாப்பிடு, மூச்சுப் பயிற்சி செய், கவலையை விடு, வரவுக்குள் செலவு செய்! நலவாழ்வுக்கு ஆறு வழி, ஏழு வழி என்று அடுக்குகிறார்கள். மில் வாசலிலும் பலகை எழுதி மாட்டுகிறார்கள்.

நல்ல வார்த்தைகள்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் இவற்றில் எது தொழிலாளியின் கையில் இருக்கிறது?

மூச்சைப் பாருங்கள். ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத் தூசி வருஷக்கணக்கில் நெஞ்சில் இறங்குகிறது. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை மெஷின் பக்கம் நின்றால் நெஞ்சு இறுகுகிறது, மூச்சு வாங்குகிறது. இந்த நோய்க்கு பிஸினோஸிஸ் என்று பெயர். சட்டமே இதைத் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிற கனவான், எந்தக் காற்றை இழுப்பது என்று சொல்லவில்லையே!

தூக்கத்தைப் பாருங்கள். இந்த வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் ராத்திரி ஷிப்ட், அதற்கு மேல் ஓவர்டைம். வாரத்தில் 55 மணிக்குக் குறையாமல் உழைத்ததன் விளைவாக, 2016ஆம் வருஷத்தில் மட்டும் உலகெங்கும் 7,45,000 பேர் பக்கவாதத்திலும் இருதய நோயிலும் மாண்டார்கள். இது நம் கணக்கல்ல. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2021ல் கொடுத்த கணக்கு.

விவசாயத் தொழிலாளிக்கோ ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கூடக் கிடையாது. நாளெல்லாம் சேற்றில் குனிந்து நாற்று நடுகிற பெண்ணிடம் போய், காலையில் உலாவச் சொல்வதா? வெறுங்கையோடு பூச்சிமருந்து அடிக்கிறவனிடம் பழம் தின்னச் சொல்வதா? நடவு முடிந்தால் வேலையில்லை, வேலையில்லாவிட்டால் கடன், கடனுக்கு வட்டி. அவன் மனக்கவலைக்கு மருந்து கூலியிலே இருக்கிறது, கண்ணை மூடி உட்காருவதில் இல்லை.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க மாட்டோம். சாராயமும் புகையிலையும் நம் உடம்பைத் தின்கின்றன. குடியை விட்ட தோழன் சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டு போகிறான். சங்கக் கூட்டத்திலும் நிமிர்ந்து நிற்கிறான். அது நம் கடமை. ஆனால் அதைக் காட்டி முதலாளி தன் கடமையைத் தட்டிக் கழிக்க விடமாட்டோம்.

2023 ஏப்ரல் 21ல் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுந்தன. மூன்றே நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். நம் தூக்கத்தைக் காப்பாற்றியது எது? உபதேசமா, ஒற்றுமையா?

தோழர்களே! பலகை மாட்ட வருகிறவரிடம் கேளுங்கள்: தூசியை உறிஞ்சும் யந்திரம் எங்கே? எட்டு மணி நேர வேலை எங்கே? வயலில் குடிதண்ணீரும் நிழலும் எங்கே? மருந்து அடிக்கிறவனுக்குக் கையுறை எங்கே? விவசாயத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. எங்கே?

இவற்றைக் கொடுக்கட்டும். பிறகு சிரிக்கவும் தூங்கவும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!