கூலியை இறங்கவிடாமல் தடுப்பது எது?

சரக்கு விற்காவிட்டால் விலை இறங்குகிறது. ஆனால் தொழில் வளர்ந்த நாடுகளில் கூலி மட்டும் லேசில் இறங்குவதில்லை. ஏன்? கூலியைக் குறைத்தால் தொழிலாளியின் மனம் கசந்து வேலை கெடும் என்று முதலாளி அஞ்சுகிறாராம்! நிபுணர்கள் கூறும் விளக்கம் இது. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்த அச்சத்தை உண்டாக்கியவர் யார்?

1925இல் பம்பாய் மில் முதலாளிகள் கூலியில் நூற்றுக்குப் பதினொன்றரை வெட்டினர். சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். டிசம்பரில் சர்க்கார் துணி மீதான தீர்வையை நிறுத்தி வைத்தது, வெட்டும் வாபசாயிற்று. மறு ஆண்டு பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளருக்காக நடந்த பொது வேலைநிறுத்தத்தைத் தலைவர்கள் ஒன்பதே நாளில் கைவிட்டனர். தனித்து நின்ற சுரங்கத் தொழிலாளி மாதக் கணக்கில் போராடித் தோற்றார். கூலி குறைந்தது, வேலை நேரமும் நீண்டது. பிரிட்டனைவிடத் தொழில் வளர்ந்த நாடுகள் அன்று எத்தனை இருந்தன?

நேராக வெட்ட முடியாத இடத்தில் விலைவாசி அந்த வேலையைச் செய்கிறது. கையில் வாங்கும் ரூபாய் அதேதான். அது வாங்கும் அரிசிதான் குறைகிறது. பஞ்சப்படிக்காகச் சங்கங்கள் போராடியது இதனால்தான்.

இனி நம் திருத்தணிக்கு வருவோம். பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் என்று சுற்றிலும் விசைத்தறி ஊர்கள். நூல் ஒருவருடையது, உழைப்பு வேறொருவருடையது. நெய்த அளவுக்குத்தான் கூலி. இங்கே வெட்டு என்று யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. அடுத்த பாவு வரும்போது கூலி குறைந்து வந்தால் போதும். தனியாக நிற்கும் நெசவாளி என்ன செய்வார்? மறுத்தால் பாவு எல்லைக்கு அப்பால் நகரிக்குப் போகலாம். நகரி நெசவாளி மறுத்தால் இங்கே வரலாம். 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. மாநில எல்லை வியாபாரியின் நூலைத் தடுப்பதில்லை, நெசவாளிகளைத்தான் பிரித்து வைத்திருக்கிறது.

கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெய்யும் விசைத்தறியாளர்கள் 2021இல் அரசு முன்னிலையில் கூலி உயர்வு ஒப்பந்தம் கண்டனர். சொன்ன கூலி வராததால் 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினர். ஒப்பந்தக் காகிதம் மட்டும் போதாது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டனர். ஆனாலும் காட்டிக் கேட்க ஒரு காகிதமாவது அவர்கள் கையில் இருந்தது.

ரகவாரியாகக் கூலியை எழுதி, விலைவாசிப் புள்ளியுடன் இணைத்து, தொழிலாளர் துறை முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்று கோருகிறோம். அந்தப் பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் திருத்தணித் தோழர்கள் நகரித் தோழர்களைச் சந்தித்துப் பேச வேண்டும்.